பராக்குப் பார்க்கும் பிள்ளை புத்திசாலியா? பகல் கனவு, ஏடிஹெச்டி, ஆட்டிசம்: ஆய்வுகள் சொல்வது என்ன?

"பையன் நல்லா படிக்கிற பையன்தான் சார். ஆனா கிளாஸ்ல உட்கார்ந்துக்கிட்டு ஜன்னல் பக்கமே பராக்கு பார்த்துட்டு இருக்கான்." பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இந்த வரியைக் கேட்காத அம்மா அப்பா குறைவு. திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், ரீல்ஸில் நேர் எதிரான செய்தி ஓடுகிறது: 'அடிக்கடி பகல் கனவு காண்பவர்கள் அதிபுத்திசாலிகள், விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு!' அடுத்த ரீல்ஸில், 'உங்கள் குழந்தைக்கு இந்த 5 அறிகுறி இருந்தால் ஏடிஹெச்டி'. அதற்கடுத்து, 'ஐன்ஸ்டீனுக்கே ஆட்டிசம் இருந்தது தெரியுமா?'

ஒரே பிள்ளை. பத்து நிமிஷத்துக்குள் மக்கு, மேதை, நோயாளி என்று மூன்று பட்டம் வாங்கிவிடுகிறது.

இந்த மூன்றில் எது சரி? பகல் கனவுக்கும் அறிவுத்திறனுக்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கா? ஏடிஹெச்டியும் ஆட்டிசமும் இதில் எங்கே வருகின்றன?

'பகல் கனவு காண்பவர் புத்திசாலி': எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு?

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு உண்மையான ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் காட்வின், எரிக் ஷூமாக்கர் உள்ளிட்டோர் செய்து 2017-ல் வெளியிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை எம்ஆர்ஐ ஸ்கேனரில் படுக்கவைத்து, ஒரு புள்ளியை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். அந்த நேரத்தில் மூளையின் எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன என்று பதிவு செய்தார்கள். பிறகு அறிவுத்திறன் தேர்வும் படைப்புத்திறன் தேர்வும் வைத்தார்கள். 'அன்றாட வாழ்க்கையில் உங்கள் மனது எவ்வளவு அலைபாயும்?' என்று ஒரு கேள்வித்தாளும் கொடுத்தார்கள்.

மனது அதிகம் அலைபாயும் என்று சொன்னவர்கள், அந்தத் தேர்வுகளில் சற்றே கூடுதல் மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அவர்களது மூளைப் பகுதிகளின் ஒருங்கிணைப்பும் சிக்கனமாக இருந்ததாகத் தெரிந்தது. இவ்வளவுதான் செய்தி. கலந்துகொண்டவர்கள் ஆரோக்கியமான பெரியவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிடையாது. கனவு கண்டதால் அறிவு வளர்ந்தது என்று ஆய்வாளர்களும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவே. மழை நாளில் குடை விற்பனை கூடும் என்பதற்காக, குடை விற்றால் மழை வரும் என்று யாரும் சொல்வதில்லையே!

இதற்கு எதிரான முடிவுகளும் ஏராளம். பாடம் படிக்கும்போது மனது அலைந்தால் படித்தது மண்டையில் ஏறாது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தகவலைச் சில நொடிகள் மனதில் ஏந்திக்கொண்டு அதை வைத்து வேலை செய்யும் திறனை 'வொர்க்கிங் மெமரி' என்பார்கள். கடைக்காரர் சொல்லும் மூன்று விலையையும் மனதுக்குள்ளேயே கூட்டுகிறோமே, அதுதான். இது குறைவாக உள்ளவர்களுக்குக் கடினமான வேலையின்போது மனது அதிகம் அலைகிறது என்பது திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு.

அப்படின்னா இரண்டில் எது பொய்? இரண்டுமே பொய் இல்லை. 2012-ல் டேனியல் லெவின்சன், ஜொனாதன் ஸ்மால்வுட், ரிச்சர்ட் டேவிட்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை அழகாக அவிழ்க்கிறது. திரையில் எழுத்து வந்தால் பட்டனைத் தட்டு, மூச்சின் தாளத்துக்குத் தட்டு என்ற அளவுக்குச் சுலபமான வேலைகளைத்தான் அவர்கள் கொடுத்தார்கள். இதில் வொர்க்கிங் மெமரி அதிகம் உள்ளவர்கள்தான் அதிகமாக மனம் அலைந்தார்கள். கைக்கு வேலை, மூளைக்கு வேலை இல்லை. மிச்சமிருந்த திறன் வேறெங்கோ போய்விட்டது. வேலை கடினமானால் அதே ஆட்கள் மனதை இழுத்துக் கட்டிக்கொள்ள முடிகிறது.

ஆகவே 'மனது அலைகிறதா' என்பதோடு கேள்வி முடிவதில்லை. எப்போது அலைகிறது, கூப்பிட்டால் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி நேரம் ஜன்னலைப் பார்ப்பவனும், கணக்கின் இரண்டாவது வரியிலேயே காணாமல் போகிறவனும் ஆசிரியர் நிற்கும் இடத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

சும்மா இருக்கும்போது மூளை என்ன செய்கிறது?

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வடிவேலு ஒரு காமெடியில் பாடம் எடுப்பார். மூளையைப் பொறுத்தவரை அது நிஜம். உடல் எடையில் சுமார் 2 சதவீதம் மட்டுமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைச் செலவு செய்கிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் சும்மா விட்டத்தைப் பார்த்தாலும் இந்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை.

2001-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்கிள் குழு இதைக் கவனித்து எழுதியது. ஒரு வேலையில் இறங்கியதும் மூளையின் சில பகுதிகளில் இயக்கம் குறைகிறது. வேலையை விட்டதும் அதே பகுதிகள் மறுபடி சுறுசுறுப்பாகின்றன. இந்தக் கூட்டணிக்கு 'டீஃபால்ட் மோட் நெட்வொர்க்' என்று பெயர். நேற்று நடந்ததை அசைபோடுவது, நாளைக்கு என்ன பேசலாம் என்று ஒத்திகை பார்ப்பது, அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று யோசிப்பது எல்லாம் இங்கேதான் பெரும்பாலும் நடக்கின்றன. பகல் கனவின் வீடு என்று சொல்லலாம்.

இது அரிதான விஷயமும் கிடையாது. ஹார்வர்டின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரின் ஐபோனில் ஒரு ஆப் போட்டு, நாளின் ஏதோ ஒரு நேரத்தில் 'இப்போ என்ன செய்றீங்க, என்ன நினைக்கிறீங்க?' என்று கேட்டார்கள். பதில் சொன்ன தருணங்களில் 46.9 சதவீதம், செய்துகொண்டிருந்த வேலையில் மனது இல்லை. 2010-ல் வந்த முடிவு இது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: மனது அலைந்த நேரங்களில் ஆட்கள் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

இடையில் ஒரு மொழிக் குறிப்பு. ஆங்கிலத்தில் 'டே ட்ரீம்' என்பதற்குப் பெரிய கெட்ட பெயர் கிடையாது. நம்மிடம் 'பகல் கனவு' என்றாலே நடக்காத ஆசை என்று அர்த்தம். எதிர்க்கட்சியைத் திட்டும் அறிக்கைகளில் வாரம் ஒருமுறையாவது அந்த வார்த்தை எங்கள் டெஸ்க்குக்கு வந்துவிடும். ஆய்வாளர்கள் பேசுவது அந்த ஆசையைப் பற்றி இல்லை. கையிலிருக்கும் வேலையை விட்டு மனது விலகுவதைத்தான் பேசுகிறார்கள். அதற்கு நம் ஊர்ச் சொல் 'பராக்கு'தான் பொருத்தமாகப் படுகிறது.

ஏடிஹெச்டியில் மனது 'போவதில்லை', 'போய்விடுகிறது'

ஏடிஹெச்டியைத் தமிழில் 'கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் தவறில்லை. ஆனால் 'ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து' என்று எழுதிப் பழகிய மொழியில், கவனக்குறைவு என்பது ஒருவர் மேல் சுமத்தும் குற்றம். பெயரிலேயே பிள்ளை குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது.

இந்தப் பிள்ளைகள் புதிதாக முளைத்தவர்களும் இல்லை. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த டாக்டர் ஹைன்ரிக் ஹோஃப்மன், 1840-களில் தன் சின்ன மகனுக்காக ஒரு படக்கதைப் புத்தகம் எழுதினார். அதில் சாப்பாட்டு மேசையில் ஆடிக்கொண்டே இருந்து மேசைவிரிப்போடு கீழே விழும் ஃபிலிப் என்ற பையன் வருகிறான். வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து ஆற்றில் விழும் ஹான்ஸும் வருகிறான். ஏடிஹெச்டியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஃபிலிப்பை எப்போதும் குறிப்பிடுவார்கள். ஹான்ஸை மறந்துவிடுவார்கள். நிஜத்திலும் அதேதான் நடந்தது. 1968-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் சேர்த்தபோது, துறுதுறுவென ஓடும் பிள்ளைதான் கணக்கில் வந்தான். சத்தம் போடாமல் பராக்குப் பார்க்கும் பிள்ளை 1980 பதிப்பில்தான் உள்ளே வந்தான்.

வந்தான் என்பதைவிட வந்தாள் என்று சொல்லலாம். அமைதியாகக் கவனம் சிதறும் வகை, பெண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது. வகுப்பைக் கலைக்காததால் ஆசிரியர் கண்ணில் படுவதில்லை. வீட்டில் 'சொன்னது காதுலயே விழாது இவளுக்கு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஏடிஹெச்டி என்று கண்டறியப்படும் சிறுவர்கள் சிறுமிகளைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்ற கணக்கில், இப்படித் தவறவிட்டவர்களின் பங்கும் இருக்கிறது.

சரி, எல்லாருக்கும்தானே மனது அலைகிறது, இதில் என்ன வித்தியாசம்? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பால் செலி உள்ளிட்டோர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான பதில் தருகிறது. மன அலைச்சலை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, 'போரடிக்குது, கொஞ்ச நேரம் வேற எதையாவது யோசிப்போம்' என்று நாமே தெரிந்து போவது. இன்னொன்று, கவனிக்கவேண்டும் என்று நினைத்தும் நம்மை அறியாமல் போய்விடுவது. ஏடிஹெச்டி உள்ளவர்களிடம் அதிகமாக இருந்தது இரண்டாவது வகைதான். விரும்பிப் போகும் பகல் கனவுக்கும் ஏடிஹெச்டிக்கும் அவர்கள் ஆய்வில் தொடர்பு தென்படவில்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு எட்மண்ட் சோனுகா பார்க், சேவியர் காஸ்டெல்லானோஸ் இருவரும் 2007-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். வேலை தொடங்கியதும் அடங்கவேண்டிய அந்த டீஃபால்ட் மோட் நெட்வொர்க், ஏடிஹெச்டியில் முழுசாக அடங்குவதில்லை; இடையிடையே தலைதூக்கி வேலையைக் கெடுக்கிறது என்பது அவர்கள் கருத்து. பக்கத்து வீட்டு டிவி சத்தத்தோடு பரீட்சைக்குப் படிப்பது மாதிரி. அந்த டிவியை ஆஃப் செய்யும் சுவிட்ச் பிள்ளையின் கையில் இல்லை. 'கவனி, கவனி' என்று கத்துவதால் பலன் இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

ஏடிஹெச்டி இருந்தால் ஐக்யூ குறையுமா?

2004-ல் தாமஸ் ஃப்ரேசியர் குழு, அதுவரை வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏடிஹெச்டி உள்ளவர்களின் ஐக்யூ சராசரியாக 9 புள்ளிகள் குறைவாக இருந்தது. இதைப் படித்ததும் பதறவேண்டாம். ஐக்யூ தேர்வு என்பதும் ஒரு தேர்வுதான். எண்களைக் கேட்டுத் தலைகீழாகச் சொல்வது, நேரம் வைத்துக் குறியீடுகளை நிரப்புவது எல்லாம் அதில் உண்டு. அதாவது, எந்த இடத்தில் இந்தப் பிள்ளைக்குச் சிரமமோ அந்த இடத்தையே தேர்வு அளக்கிறது. குறைந்த மதிப்பெண்ணில் அறிவு எவ்வளவு, கவனம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது சுலபமில்லை.

அதோடு, 9 என்பது சராசரி. ஐக்யூ 120-க்கு மேல் உள்ள பிள்ளைகளிலும் ஏடிஹெச்டி இருக்கிறது, அவர்களது சிரமங்களும் நிஜம் என்று 2007-ல் கெவின் ஆன்ட்ஷெல் குழு காட்டியது. சொல்லப்போனால் இவர்கள்தான் ஏமாற்றிவிடுகிறார்கள். ஐந்தாவது வரை வகுப்பில் பாதி கேட்டாலே முழுசும் புரிந்துவிடும். எட்டாவது, பத்தாவது என்று பாடம் பெருகும்போது அந்தக் கெட்டிக்காரத்தனம் போதாமல் போகிறது. 'சின்னதுல நல்லா படிச்சான், இப்போ திமிரு' என்று வீட்டில் முடிவுகட்டுவார்கள்.

'ஏடிஹெச்டி இருந்தால் கிரியேட்டிவிட்டி அதிகம்' என்பதும் பாதி உண்மைதான். 2020-ல் மார்டினே ஹூக்மன் குழு 31 ஆய்வுகளைத் தொகுத்தது. ஏடிஹெச்டியின் சாயல் கொஞ்சம் தூக்கலாக உள்ள பொது மக்களிடம், ஒரு பொருளுக்குப் பல புதுப்புது உபயோகம் சொல்லும் திறன் கூடுதலாக இருந்தது. ஏடிஹெச்டி என்று மருத்துவர் உறுதிசெய்த அளவுக்குச் சிரமம் உள்ளவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை.

'மதியிறுக்கம்' என்ற பெயரும், மதியை அளக்கும் தேர்வும்

ஆட்டிசத்துக்குத் தமிழில் 'மதியிறுக்கம்' என்று ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. 'மதி' என்றால் அறிவு. மூலச் சொல்லில் அப்படி எதுவும் இல்லை. 'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் 'தான்' என்றுதான் பொருள். நம் மொழிபெயர்ப்பில் அறிவுக்கே ஏதோ ஆனது போல ஒரு தொனி சேர்ந்துவிட்டது.

பொதுப்புத்தியும் இரண்டு துருவமாகத்தான் இருக்கிறது. ஒன்று, ஆட்டிசம் என்றால் அறிவு வளர்ச்சி இல்லை. இல்லையென்றால், 1988-ல் வந்த 'ரெயின் மேன்' படத்து டஸ்டின் ஹாஃப்மன் மாதிரி எண்களில் அசுர மூளை. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக்குக்கு ஆட்டிசமே இல்லை, வேறொரு மரபணுக் குறைபாடு இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் பின்னாளில் கருதினார்கள் என்பது தனிக்கதை.

எண்கள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2025-ல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். அறிவுத்திறன் தகவல் கிடைத்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஐக்யூ 70 அல்லது அதற்குக் கீழே. சராசரி அல்லது அதற்கு மேலே சுமார் 36 சதவீதம். மீதிப் பேர் இடையில்.

இங்கேதான் மிஷெல் டாசன் வருகிறார். இவர் மாண்ட்ரியலைச் சேர்ந்த ஆய்வாளர். இவருக்கே ஆட்டிசம் உண்டு. லோரான் மொத்ரோன் குழுவுடன் சேர்ந்து 2007-ல் இவர் எழுப்பிய கேள்வி எளிமையானது: எந்தத் தேர்வை வைத்து 'அறிவு குறைவு' என்கிறீர்கள்?

வழக்கமாக வைக்கப்படும் வெக்ஸ்லர் தேர்வில் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார், பிள்ளை வாய்திறந்து விளக்கவேண்டும். ஒரு சொல்லுக்கு அர்த்தம் என்ன, இப்படி ஆனால் என்ன செய்வாய் என்ற மாதிரிக் கேள்விகள் நிறைய இருக்கும். அறிமுகம் இல்லாத ஆளோடு பேசுவதே போராட்டமாக உள்ள பிள்ளைக்கு இது எவ்வளவு நியாயம்? இன்னொரு தேர்வு இருக்கிறது, பெயர் ரேவன்ஸ் மேட்ரிசஸ். 1938-ல் வெளியானது. ஒரு கோலத்தில் ஒரு துண்டு மட்டும் காணாமல் போயிருக்கும், கீழே உள்ள துண்டுகளில் எது அங்கே பொருந்தும் என்று விரல் வைத்தால் போதும். பேச்சே தேவையில்லை. சுலபம் என்று நினைக்கவேண்டாம், போகப்போகக் கடினமாகும். சிக்கலான காரணம் தேடும் திறனை அளக்க நல்ல தேர்வு என்று பெயர் வாங்கியது.

டாசன் குழு, ஆட்டிசம் உள்ள 38 பிள்ளைகளுக்கு இரண்டையும் வைத்தது. நூறு பேரை மதிப்பெண்படி வரிசையில் நிறுத்தினால் எந்த இடத்தில் நிற்பார்கள் என்று பார்த்ததில், வெக்ஸ்லரைவிட ரேவன்ஸில் சராசரியாக 30 இடம் முன்னே வந்தார்கள். வெக்ஸ்லரில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் அறிவுத்திறன் குறைபாடு என்ற பட்டியலுக்குள் விழுந்தார்கள். ரேவன்ஸில் அப்படி விழுந்தவர்கள் வெறும் 5 சதவீதம். ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கு இரண்டு தேர்விலும் கிட்டத்தட்ட ஒரே இடம்தான்.

யோசித்துப் பாருங்கள். அதே பிள்ளை. தேர்வுத்தாளை மாற்றியதும் சிறப்புப் பள்ளியிலிருந்து சாதாரணப் பள்ளிக்கு மாறக்கூடிய அளவுக்கு வித்தியாசம்.

இதையும் அப்படியே எல்லாருக்கும் பொருத்த முடியாது. இந்த இடைவெளி எல்லா ஆட்டிசப் பிள்ளைகளிடமும் இதே அளவுக்கு இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆட்டிசம் உள்ள பலருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்தே இருக்கிறது, அவர்களுக்கு வாழ்நாள் முழுக்கத் துணை தேவை. 'எல்லா ஆட்டிசமும் மறைந்திருக்கும் மேதைமை' என்று சொல்வது அந்தக் குடும்பங்களின் உழைப்பை அவமதிப்பது. ஆனால் பேசாத பிள்ளைக்குப் பேச்சுத் தேர்வு வைத்து, அதில் வந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதி, அதை வைத்தே சேர்க்கை மறுத்தால் கேள்வி கேட்க இந்த ஆய்வு ஒரு பிடி கொடுக்கிறது. இதே குழுவைச் சேர்ந்த வலேரி குர்ஷேன் 2015-ல், பேச்சு மிகக் குறைவாக உள்ள 30 பிள்ளைகளிடம் முயன்றார். ஒருவராலும் வெக்ஸ்லரை முடிக்க முடியவில்லை. கோலத்தேர்வு போன்ற பேச்சில்லாத தேர்வுகளில் ஒன்றையாவது பெரும்பாலானோர் முடித்தார்கள்.

ஜீன்களில் ஒரு புதிர்

ஆட்டிசமும் அறிவும் பற்றி 2015-ல் வந்த ஒரு மரபணு ஆய்வு பலரைப் புருவம் உயர்த்தவைத்தது. டோனி கிளார்க் தலைமையிலான ஆய்வாளர்கள், ஸ்காட்லாந்தில் ஆட்டிசம் இல்லாத சுமார் பத்தாயிரம் பேரின் மரபணுவைப் பார்த்தார்கள். ஆட்டிசத்துடன் தொடர்புள்ள சின்னச் சின்ன மரபணு மாற்றங்கள் அதிகம் உள்ளவர்கள், அறிவுத்திறன் தேர்வுகளில் மிகச் சிறிய அளவில் முன்னே இருந்தார்கள். ஏடிஹெச்டியுடன் தொடர்புள்ள மாற்றங்களுக்கு அப்படி இல்லை. சீரான தொடர்பு எதுவும் தெரியவில்லை; ஒரு குழுவில் மட்டும் அது எதிர்ப்பக்கம் சாய்ந்தது. 2019-ல் பல்லாயிரம் பேரை வைத்து வந்த பெரிய ஆய்வுகளிலும் கல்வியைப் பொறுத்தவரை இதே போக்குதான் தெரிந்தது.

இது மக்கள் தொகை அளவில் தெரியும் மெல்லிய சாய்வு. ஒரு பிள்ளையின் ரத்தத்தை எடுத்து அவன் என்ன ஆவான் என்று சொல்ல இதில் வழியே இல்லை. செத்துப்போன ராமானுஜனுக்கும் ஐன்ஸ்டீனுக்கும் ஆட்டிசம் சான்றிதழ் கொடுப்பதற்கும் இதில் இடமில்லை. நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் அதைச் செய்ய முடியாது.

வேடிக்கை என்னவென்றால், ஜீன் அளவில் அறிவோடு இப்படி எதிரெதிராக நிற்கும் ஏடிஹெச்டியும் ஆட்டிசமும் நிஜ வாழ்க்கையில் அடிக்கடி ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன. ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கு ஏடிஹெச்டியும் இருப்பதாக 2019-ல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. ஆனால் 2013 வரை அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இரண்டையும் ஒருவருக்கே எழுத அனுமதிக்கவில்லை. ஏதாவது ஒன்றுதான். அந்தக் காலத்தில் ஆட்டிசம் என்று எழுதப்பட்ட பலருக்கு ஏடிஹெச்டிக்கான உதவி கிடைக்காமலே போயிருக்கும்.

கனவுக்குள்ளேயே குடியிருப்பவர்கள்

சிலருக்குப் பகல் கனவு என்பது சீரியல் மாதிரி. பாத்திரங்கள், ஊர், கதை எல்லாம் வருஷக்கணக்கில் தொடரும். பாட்டுப் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தபடியே மணிக்கணக்கில் அதிலேயே இருப்பார்கள். இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகப் பேராசிரியர் எலி சோமர் 2002-ல் இதற்கு 'மாலடாப்டிவ் டேட்ரீமிங்' என்று பெயர் வைத்தார். வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கான பகல் கனவு என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவக் கையேடுகளில் இது இன்னும் ஏறவில்லை.

2017-ல் சோமர் குழு இப்படி உள்ள 39 பேரைப் பரிசோதித்ததில், 77 சதவீதம் பேர் ஏடிஹெச்டிக்கான வரையறைக்குள்ளும் வந்தார்கள். அப்போ இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். 2022-ல் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். ஏடிஹெச்டி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவரிடம் மட்டுமே இந்த வகைக் கனவு இருந்தது. மீதிப் பேருக்கு மனது அலைவது கதையாக அலைவதில்லை, சும்மா துண்டுதுண்டாகச் சிதறுகிறது. சிலருக்குக் கவனக்குறைவாக வெளியே தெரிவது, உள்ளே ஓடும் கதையின் ஈர்ப்பாகவும் இருக்கலாம்.

பராக்கு போலத் தெரியும், ஆனால் பராக்கு இல்லை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வெறித்துப் பார்க்கும் பிள்ளைகள் சிலருக்கு நடப்பது பகல் கனவும் இல்லை, ஏடிஹெச்டியும் இல்லை. அது வலிப்பு. 'ஆப்சென்ஸ் சீசர்' என்பார்கள். கை கால் இழுக்காது, நுரை தள்ளாது, கீழேயும் விழாது. அதனால் வலிப்பு என்று யாருக்கும் தோன்றாது. பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும். பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை பாதி வார்த்தையில் நின்றுவிடும். பார்வை ஓரிடத்தில் நிலைக்கும், இமை லேசாகத் துடிக்கலாம். பத்து நொடி போல இருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி பேச்சைத் தொடரும். ஒரு நாளில் பல தடவை வரலாம். ஒவ்வொரு தடவையும் பாடத்தில் ஒரு ஓட்டை விழுகிறது. மதிப்பெண் குறையும், 'கவனமில்லை' என்று டைரியில் எழுதி வரும்.

எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? பராக்கு பெரும்பாலும் போரடிக்கும்போது வரும், தோளைத் தொட்டால் கலைந்துவிடும். இந்த வலிப்பு விளையாட்டின் நடுவில், சாப்பாட்டின் நடுவில், ஆசையாகப் பேசும்போதும் வரும். தொட்டாலும் கூப்பிட்டாலும் அந்த நொடிகளில் பதில் இருக்காது. சந்தேகம் இருந்தால் மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். குழந்தைகள் நரம்பியல் மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆழமாக வேகமாக மூச்சுவிடச் சொல்லி மருத்துவர் பார்ப்பார், இஇஜி எடுப்பார். அந்த மூச்சுப் பரிசோதனையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். மருந்துக்குப் பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படும், வளர வளரப் பலருக்கு நின்றும் விடும்.

காது கேட்பதில் குறை, தூக்கம் போதாமை, வீட்டில் அல்லது பள்ளியில் ஏதோ ஒரு பயம் ஆகியவையும் பராக்கு வேஷம் போடும். அதனால்தான் ஏடிஹெச்டி என்று எழுதுவதற்கு முன், அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா, ஆறு மாதமாவது நீடிக்கிறதா, வீடு பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிகிறதா என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். பள்ளியில் மட்டும் 'ஏடிஹெச்டி' உள்ள பிள்ளை என்றால், பள்ளியைப் பற்றியும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

எங்கே போவது, என்ன கேட்பது?

அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட இடையீட்டு மையம் முதல் இடம். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் இந்த மையங்களில் 18 வயது வரை பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. அத்திட்டம் பரிசோதிக்கச் சொல்லும் 30 பிரச்சினைகளில் ஆட்டிசம், ஏடிஹெச்டி, கற்றல் குறைபாடு, வலிப்பு நான்குமே இருக்கின்றன. சென்னையை ஒட்டிய முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

அறிவுத்திறன் தேர்வு வைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன தேர்வு வைத்தீர்கள்? அது பிள்ளைக்குப் பழகிய மொழியில் நடந்ததா? பேச்சில்லாத தேர்வு ஏதாவது வைத்துப் பார்த்தீர்களா? மொத்த எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், பகுதிவாரியாக என்ன வந்தது என்றும் எழுதி வாங்குங்கள்.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் இருக்கிறது, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் இருக்கிறது. 'தாரே ஜமீன் பர்' படத்தில் பகல் கனவு காணும் அந்தப் பையனுக்கு இருந்தது இந்த டிஸ்லெக்சியாதான், ஏடிஹெச்டி என்று பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் இன்று படித்தால் இந்தச் சட்டத்தின்படி சான்றிதழ் கேட்க முடியும். ஆனால் பரிசோதனைப் பட்டியலில் பெயர் உள்ள ஏடிஹெச்டிக்கு, இந்த 21-ல் இடம் இல்லை. அது மட்டும் உள்ள பிள்ளைக்குத் தேர்வில் கூடுதல் நேரமோ தனி அறையோ வேண்டுமென்றால், இப்போதைக்கு மருத்துவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம்தான் பேசிப் பார்க்க வேண்டும்.